மூலத்தைப் பூராடமாக மாற்ற முடியுமா?

பெங்களூரின் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலில் கல்யாணம் நடத்துவதை நிறுத்திவிட்டார்கள் என்ற செய்தி 2025 டிசம்பரில் வெளியானது. சோழர் காலத் தொடர்பு சொல்லப்படும் பழைய கோயில். சுற்றிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் வாழும் தெருக்கள். நிறுத்தியதற்குக் காரணம் கிரகமும் இல்லை, சாத்திரமும் இல்லை. இங்கே தாலி கட்டிக்கொண்டவர்கள் விவாகரத்து கேட்டு கோர்ட்டுக்குப் போகும்போது அர்ச்சகர்களையும் சாட்சிக்கு இழுத்துவிடுகிறார்கள். பூஜையைப் பார்ப்பதா, வாய்தாவுக்கு அலைவதா என்பதுதான் பிரச்சினை. வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்து, போலி ஆவணங்களைக் காட்டி மணம் முடித்த ஜோடிகள் தந்த தலைவலி வேறு.

அந்தக் கல்யாணங்களும் நல்ல நேரம் பார்த்து நடந்தவைதான்.

நல்ல நேரம் என்பதே பெங்களூரில் சற்றுச் சிக்கலான விஷயம். ஒரே தெருவில் தமிழருக்கு ஒரு ஆகாத மாதம், கன்னடருக்கு இன்னொன்று. நமக்குச் சூரியனைக் கொண்டு கணிக்கும் ஆடி. அவர்களுக்குச் சந்திரனைக் கொண்டு கணிக்கும் ஆஷாடம். 2025-ல் ஆஷாடம் ஜூன் 26-ல் தொடங்கி ஜூலை 24 அமாவாசையோடு முடிந்தது. அன்று கன்னடப் பெண்கள் பீமன அமாவாசை என்று கணவனின் நலனுக்காக பூஜை செய்ய, பக்கத்து வீட்டுத் தமிழர் ஆடி அமாவாசை என்று தர்ப்பணம் கொடுத்தார். மறுநாள் அவர்களுக்கு சிராவணம் பிறந்து கல்யாண மண்டபம் திறந்துவிட்டது. நமக்கோ ஆகஸ்ட் 16 வரை ஆடி. தமிழ்ப் பெண்ணும் கன்னடப் பையனும் மணம் செய்துகொள்ள, இரு வீட்டாருமே பிடிவாதமாக இருந்தால், 52 நாட்கள் காலி.

வடக்கே இருக்கும் தமிழர்களுக்கு இன்னொரு வேடிக்கை தெரிந்திருக்கும். நாம் மண்டபம் கிடைக்காமல் அலையும் ஆவணி, அங்கே சாதுர்மாசம். ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வரும் ஏகாதசியன்று விஷ்ணு கண் விழித்த பிறகுதான் அவர்களுக்கு மேளம் கொட்டும். கிரகங்கள் எல்லோருக்கும் பொதுவாகத்தான் சுற்றுகின்றன; தடை மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது.

ஆடி விலக்குக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிரசவம் ஆகும் என்பது அது. ஆடிப்பட்டம் விதைக்கும் குடியானவன் கையில் காசும் இருக்காது, நேரமும் இருக்காது என்பது இன்னொன்று. இரண்டும் நியாயம்தான். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டியில் எந்தப் பையன் விதைக்கிறான்? ஏ.சி. அறையில் நடக்கும் பிரசவத்துக்குச் சித்திரை என்ன, மார்கழி என்ன?

செவ்வாய் தோஷத்துக்கு வருவோம். லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12-ம் வீடுகளில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது நம் பக்கத்துக் கணக்கு. 12 வீடுகளில் 5. அதாவது நூற்றுக்கு 40 பேருக்கு மேல் தோஷக்காரர்கள். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும்கூட எண்ணிப் பார்க்கும் சோதிடர்களின் கணக்குப்படி போனால் முக்கால்வாசிப் பேருக்கு மேல் மாட்டிக்கொள்வார்கள். அதனால்தான் ஆட்சி, உச்சம், குரு பார்வை என்று விதிவிலக்குகளின் பட்டியல் நீளுகிறது. வடக்கே பலர் 2-ம் வீட்டை விட்டுவிட்டு 1-ம் வீட்டைச் சேர்த்துக்கொள்கிறார்கள். சென்னையில் சுத்த ஜாதகமாக இருக்கும் பெண் கான்பூரில் 'மாங்கலிக்' ஆகிவிடலாம்.

இது வெறும் வேடிக்கையாக நின்றுவிடுவதில்லை. 2023 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு ஜாமீன் மனு. மணந்துகொள்வதாக நம்பவைத்து வல்லுறவு கொண்டதாக ஒருவர் மீது புகார். அந்தப் பெண் மாங்கலிக், அதனால் மணக்க முடியாது என்பது எதிர்வாதம். அவளுக்கு தோஷம் உண்டா என்று பார்த்துச் சொல்லும்படி லக்னோ பல்கலைக்கழகத்தின் சோதிடத் துறைக்கு உத்தரவே போட்டுவிட்டது நீதிமன்றம். ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து தடை விதித்தது. மூடப் பழக்கங்களுக்கு எதிராகக் கர்நாடகம் 2017-ல் சட்டம் கொண்டுவந்தது; 2020-ல் அது அமலுக்கு வந்தது. அதிலும் சோதிட ஆலோசனைக்கு விலக்கு உண்டு.

வேறு வழி காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. கன்னடக் கவி குவெம்பு, புரோகிதரும் முகூர்த்தமும் இல்லாத எளிய மணமுறையை 'மந்த்ர மாங்கல்யா' என்று வகுத்தார். 1966-ல் தன் மகன், எழுத்தாளர் பூர்ணசந்திர தேஜஸ்வியின் திருமணத்தையே அப்படி நடத்தினார். தமிழ்நாட்டில் பெரியார் 1928-லேயே சுயமரியாதைத் திருமணத்தைத் தொடங்கிவிட்டார். அண்ணா ஆட்சிக் காலத்துச் சட்டத் திருத்தம் அதைச் செல்லுபடியாக்கியது. ஆனால் அந்த 7-ஏ பிரிவு தமிழ்நாட்டோடு சரி. ஓசூரைத் தாண்டிவிட்டால் கிடையாது. எந்தச் சடங்கும் வேண்டாம் என்கிற பெங்களூர் ஜோடி, 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பஞ்சாங்கம்கூட அவ்வளவு காக்கவைக்காது.

தமிழ் படித்தவன் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நாள் பார்ப்பது நமக்குப் பிறர் கற்றுக்கொடுத்தது என்பது முழு உண்மையல்ல. அகநானூற்றின் 86, 136-ம் பாடல்களில் நாள் பார்த்துத்தான் மணம் நடக்கிறது. சந்திரன் ரோகிணியைச் சேரும் நாள் அது. அதே நல்ல நாளில்தான் கோவலனுக்கும் கண்ணகிக்கும் இளங்கோ மணம் முடித்து வைக்கிறார். அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். நாளும் கோளும் சரியில்லை என்று அப்பர் தடுத்தபோது, சிவனடியாரை அவை என்ன செய்யும் என்று பதிகம் பாடிவிட்டு மதுரைக்குக் கிளம்பியவர் சம்பந்தர். அந்தக் கோளறு பதிகத்தையே இன்று தோஷப் பரிகாரமாகச் சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள்!

சரி, கட்டிக்கொள்ளப் போகிறவர்கள் இதையெல்லாம் நம்புகிறார்களா? நேரில் கேட்டால் பெங்களூர் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்கில்லை, அப்பா அம்மாவுக்காக என்கிறார்கள். நானும் வெகுநாள் இந்தப் பதிலை நம்பிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகை வேலை போக, ஜாதகம் மொழிபெயர்த்துத் தரும் வேலையும் எனக்கு அவ்வப்போது வரும். கன்னட மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கத் தமிழ் ஜாதகத்தைக் கன்னடத்தில் எழுதித் தர வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மகளின் ஜாதகத்தோடு வந்தார். நட்சத்திரம் மூலம். 'பெண் மூலம் நிர்மூலம்', மாமனாருக்கு ஆகாது என்பார்கள். 'ஆனி மூலம், பின் மூலம்' என்றிருந்த வாசகம்தான் 'ஆண், பெண்' என்று திரிந்தது என விளக்கம் தரும் சோதிடர்களும் உண்டு. இருந்தும் மூலத்துப் பெண்ணுக்கு அப்பா இல்லாத பையனாகவும், கேட்டைப் பெண்ணுக்கு அண்ணன் இல்லாத பையனாகவும் தேடுவது நிற்கவில்லை.

வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிறந்த நேரத்தை இரண்டு மணி நேரம் தள்ளிப் போட்டால் பூராடம் ஆகிவிடும் சார், எழுதும்போதே அப்படி எழுதிவிட முடியுமா? அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. மூலம் என்ற ஒரே சொல்லுக்காக ஏழு வரன்கள் தட்டிப்போனதைப் பார்த்த தகப்பன். முடியாது என்றேன். சரியாகத்தான் செய்தேனா என்ற சந்தேகம் இன்றும் எனக்கு உண்டு. பொய் என்று நான் நினைக்கும் ஒன்றை உண்மையாக மொழிபெயர்த்துத் தருவேன் என்று அடம்பிடிப்பதில் என்ன நேர்மை இருக்கிறது?

அவர் வேறு யாரிடமோ எழுதி வாங்கிக்கொண்டார். கல்யாணம் நடந்தது. நிச்சயத்துக்கு முன்பே அந்தப் பெண் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவன் சிரித்துவிட்டு, இதை நம் இருவருக்குள் வைத்துக்கொள்வோம் என்றானாம். இரண்டு பேருக்கும் நம்பிக்கை இல்லை.

போன வருடம் ஒரு விசேஷத்தில் அவளைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். மாமனாருக்கு ரத்த அழுத்தம் உண்டாம். தினமும் காலையில் அளந்து பார்த்து நோட்டில் எழுதுவது அவள்தான் என்று மாமியார் பெருமையாகச் சொன்னார். அந்த அம்மாள் நகர்ந்த பிறகு, 140-ஐத் தாண்டினால் அன்று முழுக்க ஆபீசில் கை ஓடுவதில்லை அங்கிள் என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி.