ஆபத்தில் உதவும் அமெச்சூர் வானொலி

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணியளவில் சுமத்ரா கடற்பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கமும், அதைத் தொடர்ந்த ஆழிப்பேரலையும் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தொலைபேசித் தொடர்பைப் பெருமளவு சீர்குலைத்தன. அவ்வேளையில் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) பாரதி பிரசாத் என்னும் பெண்மணியின் தலைமையில் அமெச்சூர் வானொலிக் குழு ஒன்று தங்கியிருந்தது. ஹைதராபாதிலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிலையம் அனுப்பிய குழு அது. தீவுகளிலிருந்து உலகெங்குமுள்ள வானொலி ஆர்வலர்களுடன் உரையாடுவதே அவர்கள் வந்த நோக்கம். பேரிடர் நேர்ந்ததும் அந்த உரையாடல் நின்றது. அதே கருவிகள், தீவுகளில் சிக்கியிருந்தோரின் நலச் செய்திகளையும் மீட்புப் பணிக்கான தகவல்களையும் கொண்டுசெல்லத் தொடங்கின. பொழுதுபோக்கு பொதுத்தொண்டாக மாறியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன?

ஒலிபரப்பு நிலையம் பேசும், மக்கள் கேட்பர். அமெச்சூர் வானொலியிலோ இரு தரப்பினரும் பேசுவர், கேட்பர். ஊதியமோ வணிக நோக்கமோ இன்றி, சுயமாகக் கற்கவும், பிறருடன் தொடர்பு கொள்ளவும், வானொலி நுட்பத்தை ஆராயவும் அரசின் உரிமம் பெற்றவர்கள் இயக்கும் சேவை இது. இதில் ஈடுபடுவோர் ‘ஹாம்’ என்று அழைக்கப்படுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்த அழைப்புக்குறி உண்டு. இந்திய அழைப்புக்குறிகள் பெரும்பாலும் ‘வி.யூ.’ என்ற எழுத்துக்களில் தொடங்கும். பிரதமராக விளங்கிய ராஜீவ் காந்தியும் ‘வி.யூ.2 ஆர்.ஜி.’ என்ற குறியுடைய ஹாமே.

எவ்வாறு இயங்குகிறது?

3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் கொண்ட அலைகள், பூமிக்கு மேலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பல நூறு, பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைக் கடக்கின்றன. இதற்கு மேற்பட்ட அதிர்வெண் கொண்ட அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால் ஊர் அல்லது மாவட்ட அளவிலான தொடர்புக்குப் பயன்படுகின்றன. மலையுச்சியில் மறு ஒலிபரப்பி ஒன்றை அமைத்தால் இவற்றின் எல்லை விரியும்.

தொலைபேசி இயங்க இணைப்பகம், கோபுரம், மின்சாரம் ஆகிய அனைத்தும் ஒருசேரப் பழுதின்றி இருத்தல் வேண்டும். இடையில் ஒன்று அறுந்தாலும் தொடர்பு அறும். அமெச்சூர் நிலையத்திற்கோ ஒரு கருவி, 12 வோல்ட் கார் பாட்டரி, ஏரியலாகக் கட்ட இருபது மீட்டர் செப்புக் கம்பி ஆகியவை போதும். இரு நிலையங்களுக்கும் இடையே உடைந்துபோகக்கூடிய பொருள் எதுவும் இல்லை. இந்த எளிமையே அதன் வலிமை.

நூறாண்டுக் கால மரபு

இந்தியாவில் முதன்முதலாக 1921-இல் அமரேந்திர சந்திர குப்தா இவ்வுரிமத்தைப் பெற்றார். 1939-இல் உலகப் போர் மூண்டபோது உரிமங்கள் ரத்து செய்யப்பட்டன. போர் முடிந்தபின் மீண்டும் வழங்கப்பட்டன. 1948-இல் மத்தியப் பிரதேசத்திலுள்ள மௌ நகரில் இந்திய அமெச்சூர் வானொலிக் கழகம் தோன்றியது. இச்சேவைக்கெனத் தனி விதிகள் 1978-இல் வகுக்கப்பட்டன. 2005 மே 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 42.5 கிலோ எடையுள்ள ‘ஹாம்சாட்’ செயற்கைக்கோள், ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உலக ஹாம்களுக்குப் பயன்பட்டது.

ஒழுங்கும் பயிற்சியும்

மின்னணுவியல் அடிப்படைகளிலும் விதிமுறைகளிலும் தேர்வெழுதித் தேறியவர்க்கே உரிமம் கிட்டும். இரகசியக் குறியீட்டில் பேசுதல் கூடாது. வணிகச் செய்தி கூடாது. உரையாடல்களைக் குறிப்பேட்டில் பதிவு செய்தல் வேண்டும். மோர்ஸ் தந்திமுறைத் தேர்ச்சி கட்டாயமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று 2003-ஆம் ஆண்டின் உலக வானொலி மாநாடு தளர்த்தியது.

இவ்விதிகள் வெறும் சடங்கல்ல. 1999-இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின்போதும், 2001-இல் குஜராத்தைக் குலைத்த நிலநடுக்கத்தின்போதும் ஹாம்கள் பணியாற்றினர். இத்தகைய நேரங்களில் ஒரே அலைவரிசையில் பலர் பேச முற்படுவர். யார் முதலில் பேசுவது, எச்செய்தி அவசரமானது, பெயரையும் எண்ணையும் பிழையின்றி எவ்வாறு சொல்வது என்பன அன்றாடப் பழக்கத்தால் மட்டுமே கைவரும். நள்ளிரவில் தொலைநாட்டு நண்பரின் மெலிந்த குரலை இரைச்சலுக்கிடையே பிரித்தறிந்து பழகிய செவிதான், பேரிடர் நாளில் உதவி கோரும் குரலையும் பிரித்தறிகிறது.

செய்ய வேண்டுவன

ஆதலின், கருவியை வாங்கி அலுவலக அலமாரியில் பூட்டி வைப்பது ஆயத்தமாகாது. அதை இயக்கத் தெரிந்தவர் அம்மாவட்டத்திலேயே இருத்தல் வேண்டும். அத்தகையோரை ஆணையிட்டு ஒரே நாளில் உருவாக்க இயலாது. கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் வானொலிக் கழகங்கள் அமைத்தல், உள்ளூர் ஹாம்களின் பட்டியலை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் சேர்த்தல், ஒத்திகைகளுக்கு அவர்களை அழைத்தல், உரிம விண்ணப்பங்களைக் காலந்தாழ்த்தாது பரிசீலித்தல் ஆகியவை பெருஞ்செலவின்றி இயலக்கூடியவை.

செல்பேசி யுகத்தில் இப்பொழுதுபோக்கு எதற்கு என்று இளைஞர் கேட்கலாம். செல்பேசி மௌனமாகும் நாளில் அதற்கு விடை கிடைக்கும். அந்த நாளுக்கு முன்னரே கற்றுக்கொள்வதுதான் அறிவுடைமை.