இரண்டு நிலவுகள்

நியூஜெர்சியின் எடிசன் நகரில் எங்கள் வீட்டு இரவுகள் 'குட்நைட் மூன்' என்னும் நூலோடுதான் முடியும். மார்கரெட் வைஸ் பிரவுன் எழுத, கிளமென்ட் ஹர்ட் படம் தீட்டி 1947இல் வந்த சிறு நூல். நான் எழுத்தைப் படிப்பேன். நான்கு அகவை மகளோ, படத்திலுள்ள அறையில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் சுண்டெலியைத் தேடுவாள். அவள் விரலின் பின்னே சென்றபோதுதான் கணப்படுப்பின்மேல் இருந்த கடிகாரத்தைக் கண்டேன். தொடக்கத்தில் அது காட்டுவது 7 மணி. முடிவில் 8 மணி 10 மணித்துளி. பலகணியில் நிலவும் பக்கத்துக்குப் பக்கம் மேலேறுகிறது. புவி சுழல்வதால், 70 மணித்துளியில் மெய்யான நிலவும் வானில் ஏறத்தாழ 17 பாகை நகரும். தன் விட்டத்தைப்போல் 30 மடங்குக்கும் மேல். இதில் ஒரு சொல்கூட நூலின் எழுத்தில் இல்லை.

மாரிஸ் செண்டாக் 1963இல் 'வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்' நூலில் வரைந்த நிலவு வேறு வகை. குறும்புக்காக உணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட சிறுவன் மேக்சின் பலகணியில் முதலில் பிறை. விலங்குகளின் நாட்டுக்குப் போய்த் திரும்புகையில் முழுமதி. உணவோ இன்னும் சூடாகவே இருக்கிறது. பிறை முழுமதியாவதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் வேண்டும். இதை ஓவியரின் பிழை என நான் கொள்ளேன். சினந்த சிறுவனின் நெஞ்சுக்குள் ஓடிய காலத்தை நிலவும், வீட்டுக்குள் ஓடிய காலத்தைச் சோறும் அளக்கின்றன. சினம் பெருகப் பெருகப் படமும் பெருகி, வெண்விளிம்பை விழுங்கி, ஓரிடத்தில் சொற்களையே வெளியேற்றிவிடுகிறது. சொல்லாமல் சொல்லும் இத்திறத்தை உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் தொல்காப்பியம் பெயரிட்டு வகுத்திருக்கிறது.

வடிவங்களுக்கே பொருள் உண்டு. எங்கள் அண்டை ஊரான பிரின்ஸ்டனில் பிறந்த ஓவியர் மோலி பேங், 'பிக்சர் திஸ்' (1991) நூலில் 'செந்தொப்பிச் சிறுமி' கதையின் நாயகியை ஒரு சிறு சிவப்பு முக்கோணமாகவே காட்டினார். நெட்டுக்குத்தாய் நிற்கும் மரங்களைச் சற்றே சாய்த்தால் காடு நடுக்கம் தருகிறது. ஓநாயின் கூர்முனைகளை வளைவாக்கினால் அச்சம் வடிந்துவிடுகிறது. மோஷே பார், மைட்டல் நேட்டா ஆகியோர் 2007இல் வெளியிட்ட மூளைப்பட ஆய்வும் இதற்கு இசைகிறது: கூர்விளிம்புப் பொருள்களைக் காணும்போது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாப் பகுதி மிகுதியாகக் கிளர்ந்தது.

குழந்தையின் கண் எங்கே மேய்கிறது? கனடாவில் மேரி ஆன் எவன்சும் உடன் ஆய்வாளரும் 2005இல் கண்ணசைவை அளந்து பார்த்தனர். பெற்றோர் படிக்கையில் குழந்தைகள் பெரும்பொழுதும் படத்தையே நோக்கினர். எழுத்தின்மேல் கண் பட்டதோ மிகச் சிறிது. ஒரே பக்கத்தில் நாங்கள் இருவரும் இரு நூல்களைப் படித்துவந்திருக்கிறோம். அதனால் இப்போது தாளைப் புரட்டும் வேலையை அவளிடமே விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் 'குட்நைட் மூன்' நூலின் கடைசிப் பக்கத்தில் அவள் கை நின்றுவிட்டது. அறை இருண்டிருந்தது. பின்னிக்கொண்டிருந்த முயல் பாட்டியின் நாற்காலியில் பூனைக்குட்டிகள் உறங்கின.

"அப்பா, பாட்டி எப்ப எந்திரிச்சுப் போனாங்க?"

முந்தைய பக்கத்துக்குத் திரும்பினோம்.