91 பகு எண்ணா? பகா எண்ணா?

வீட்டில் புளியங்கொட்டை இருக்கிறதா? இல்லையென்றால் பட்டாணி, பொத்தான் எதுவானாலும் சரி. 12 எண்ணி எடுத்துக்கொண்டு தரையில் உட்காருங்கள்.

ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எண்ணிக்கை வரும்படி அவற்றை அடுக்குங்கள். 2 வரிசை வைத்தால் வரிசைக்கு 6. மூன்று வரிசை வைத்தால் வரிசைக்கு 4. ஒன்றும் மிஞ்சவில்லை. இப்போது இன்னும் ஒரு கொட்டையைச் சேர்த்து 13 ஆக்குங்கள். 2 வரிசை வைத்தாலும், 3 வரிசை வைத்தாலும், 4 வரிசை வைத்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. 5 வரிசை வைத்தால் மூன்று மிஞ்சுகிறது. ஒரே நீள வரிசையாக வைத்தால்தான் சரியாக வருகிறது, இல்லையா?

12 போலப் பகுத்து அடுக்க முடிகிற எண் பகு எண். 13 போலப் பகுக்க முடியாத எண் பகா எண். பெயரிலேயே பொருள் இருக்கிறது, பாருங்கள்! பகா எண்ணுக்கு 1, அதே எண் என இரண்டே காரணிகள். அதற்கு மேல் இருந்தால் பகு எண்.

1 எதில் சேரும்?

இரண்டிலும் சேராது. 1-க்கு ஒரே ஒரு காரணிதான் உண்டு. 12-ஐப் பகா எண்களாகப் பிரித்தால் 2 × 2 × 3. எப்படிப் பிரித்தாலும் இதே எண்கள்தான் வரும். வரிசை மட்டுமே மாறும். 1-ஐயும் பகா எண் என்று வைத்துக்கொண்டால் 1 × 2 × 2 × 3, 1 × 1 × 2 × 2 × 3 என்று எழுதிக்கொண்டே போகலாம். அதனால்தான் 1-ஐத் தனியே வைத்திருக்கிறார்கள்.

ஒற்றைப்படை எண் எல்லாம் பகா எண்ணா?

இல்லவே இல்லை. 9, 15, 21 எல்லாம் பகு எண்களே. இரட்டைப்படை எண்களில் 2 மட்டும் பகா எண்.

சரி, 91? வகுப்பில் இதைக் கேட்டால் பலரும் 'பகா எண்' என்றுதான் கை தூக்குவார்கள். பத்து வரை படித்த ஏழாம் வாய்ப்பாட்டில் 91 வராதே! ஆனால், 7 × 13 = 91. எனவே அது பகு எண்.

அப்படியானால் ஓர் எண்ணை எதுவரை வகுத்துப் பார்ப்பது? காரணிகள் ஜோடியாகவே வரும். 7-க்கு ஜோடி 13. ஜோடியில் இரண்டுமே 10-ஐவிடப் பெரியவை என்றால், அவற்றின் பெருக்கல் குறைந்தது 11 × 11 = 121 ஆகிவிடும். ஆகவே 100-க்குள் உள்ள எந்தப் பகு எண்ணுக்கும், 1 நீங்கலாக, 10-க்கு மேற்படாத ஒரு காரணி இருந்தே தீரும். அதிலும் 2, 3, 5, 7 ஆகிய நான்கால் வகுத்துப் பார்த்தால் போதும். 2-ஆல் வகுபடாத எண் 4-ஆல் எப்படி வகுபடும்?

97-ஐப் பாருங்கள். இரட்டைப்படை அல்ல. இலக்கங்களைக் கூட்டினால் 16. அது 3-ஆல் வகுபடாது. கடைசி இலக்கம் 0, 5 இல்லை. 7-ஆல் வகுத்தால் 6 மீதி. நான்கே சோதனை, 97 பகா எண்!

கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவர் பெயரால் ஒரு 'சல்லடை' உண்டு. 1 முதல் 100 வரை எழுதி, 1-ஐ அடித்துவிடுங்கள். 2, 3, 5, 7 ஆகியவற்றை விட்டுவிட்டு, அவற்றின் மடங்குகளை எல்லாம் அடியுங்கள். மிஞ்சுபவை 25 பகா எண்கள்.

நூற்றுக்கணக்கான இலக்கங்கள் உள்ள எண் என்றால் இப்படிச் சலித்து மாளாது. எவ்வளவு பெரிய எண்ணானாலும், வேலை கட்டுக்கடங்காமல் பெருகாமல், அது பகா எண்தானா என்று உறுதியாகச் சொல்லும் வழியை 2002-ஆம் ஆண்டு கண்டுபிடித்தவர்கள் நம் நாட்டினரே. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும்தான் அவர்கள். உலகக் கணித அறிஞர்கள் வியந்து பாராட்டினார்கள்.

இனி உங்கள் முறை. 51, 57, 59, 87, 89, 119 ஆகியவற்றில் பகா எண்கள் எவை? 119-க்கும் அதே நான்கு சோதனை போதும். ஏன் என்று யோசித்துச் சொல்லுங்கள்!

விடை: 59, 89 பகா எண்கள். 51 = 3 × 17, 57 = 3 × 19, 87 = 3 × 29, 119 = 7 × 17. 119 என்பது 121-ஐவிடச் சிறியது. அதனால் நான்கு சோதனையே போதும்.