மிக்ஸியை ஒரு தடவை கழுவினால் போதும்

காலை 7.40 பஸ்ஸை விட்டால் எனக்கு ஆபீஸில் அரை நாள் லீவு போய்விடும். அதற்குள் மிக்ஸி ஜாரை மூன்று, நான்கு தடவை கழுவுவேன். ஏழாவது படிக்கும் மகள் புத்தகத்தோடு வந்து, "அம்மா, ஒப்பிக்கிறேன், கேளேன்" என்பாள். "அப்புறம்டி" என்று விரட்டி விடுவேன்.

ஒரு நாள் ஃபிரிட்ஜைப் பார்த்து ஒப்பித்துக் கொண்டிருந்தாள். "ஏன்டி?" என்றதற்கு, "அதுவாவது நின்ன எடத்துல நின்னு கேக்குதே" என்றாள். சுருக்கென்றது எனக்கு.

வேலையைக் குறைக்க முடியாது, ஒரே மாதிரி வேலைகளைச் சேர்த்தாவது செய்வோம் என்று ஞாயிறன்று ஆரம்பித்தேன். ஆர்வக்கோளாறில் வாரம் முழுவதற்கும் காய் நறுக்கி டப்பாக்களில் அடைத்தேன். புதன்கிழமை கத்தரிக்காய் கறுத்து, வெண்டைக்காய் கொழகொழத்து விட்டது. மாமியார் ஒன்றும் பேசவில்லை. டப்பாவை மோந்து பார்த்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதைவிடத் திட்டியிருக்கலாம்!

இப்போது காயை முந்தின ராத்திரிதான் நறுக்குகிறேன். கீரை அன்றன்றைக்கு. வெங்காயம், பூண்டு உரிப்பது மட்டும் ஞாயிறு டி.வி. முன்னால், என்னவரும் நாலு பல் உரிப்பார். புளியைக் கெட்டியாகக் கரைத்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த வாரம் தாங்குகிறது.

மிக்ஸி விஷயத்தில்தான் வரிசை முக்கியம். ஞாயிறன்று முதலில் பருப்புப் பொடி, அடுத்து மிளகு சீரகப் பொடி. நடுவில் துணியால் துடைத்தால் போதும். இஞ்சி பூண்டு விழுது கடைசி. மாற்றி அரைத்தால் பொடியெல்லாம் பூண்டு வாடை! மற்ற நாட்களில் கூட்டுக்குத் தேங்காயை அரைத்து வழித்துக் கொண்டு, அதே ஜாரில் சட்னிக்குப் போட்டு விடுகிறேன்.

பெருமையாக மாமியாரிடம் சொன்னேன். "நாங்க வருஷத்துக்கு வேண்டிய வடாம், வத்தலை சித்திரை வெயில்ல ஒரேயடியா போட்டு எடுத்தவங்கம்மா" என்றார்.

தினமும் 20 நிமிஷம் மிச்சம். அந்த நேரம் மகளுக்கு. நேற்று பாதியில் நிறுத்தி, "கேக்கறியா, கடிகாரத்தைப் பாக்கறியா?" என்றாள். கடிகாரத்தைத்தான் பார்த்துக் கொண்டிருந்தேன்.

— ஒரு வாசகி, திருச்சி