மார்பகப் புற்றுநோயும் ஆண் ஹார்மோனும்

ஆண்களுக்கு மீசை முளைப்பதற்கும் குரல் தடிப்பதற்கும் காரணமான ஹார்மோன்களுக்கு 'ஆண்ட்ரோஜன்' என்று பெயர். அவை ஆண்களுக்கு மட்டுமே உரியவை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. பெண்களின் சினைப்பையும், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியும் அவற்றைச் சிறிதளவு சுரக்கின்றன.

மார்பகப் புற்றுநோய்க்கு இந்த ஆண் ஹார்மோன் நண்பனா, பகைவனா? இரண்டும்தான் என்கிறது மருத்துவம்!

கிளாஸ்கோவில் தொடக்கம்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகர டாக்டர் ஜார்ஜ் பீட்சன், நோய் முற்றிய ஒரு பெண்ணின் சினைப்பைகளை அகற்றினார். கட்டி சுருங்கியது. இதை அவர் 1896-ல் வெளியிட்டார். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன்தான் பல கட்டிகளுக்குத் தீனி என்பது பின்னர் தெளிவாயிற்று.

அப்படியானால் ஆண் ஹார்மோன் அதற்கு முறிவாகுமா? 1940-களில் நோயாளிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். சிலருக்குக் கட்டி சுருங்கியது. ஆனால் முகத்தில் ரோமம் வளர்ந்தது, குரலும் கரகரத்தது. 1970-களில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் 'டமாக்ஸிபென்' மாத்திரை வந்ததும் இந்த முறை மெல்ல மறைந்தது.

வேடம் மாறும் ஹார்மோன்

மாதவிடாய் நின்றபின் சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பது பெரிதும் குறைந்துவிடும். ஆனால் உடலின் கொழுப்பில் உள்ள 'அரோமடேஸ்' என்ற நொதி, ஆண் ஹார்மோனையே ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. அந்த வயதில் உடல் பருமன் இந்நோய்க்கு இடம் தருவதற்கு இது ஒரு காரணம். லெட்ரோசோல், அனஸ்டிரசோல் மாத்திரைகள் இந்த மாற்றத்தைத் தடுக்கின்றன.

பூட்டும் சாவியும்

ஹார்மோன் சாவி என்றால், செல்லில் அது பொருந்தும் பூட்டுக்கு 'ஏற்பி' என்று பெயர். மார்பகப் புற்றுக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஆண் ஹார்மோனுக்கான ஏற்பியும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள கட்டியில், ஆண் ஹார்மோன் ஏற்பி கட்டியின் வளர்ச்சியை அடக்குகிறது என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் எடுத்துக்காட்டினார்கள்.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்-2 என்ற மூன்று ஏற்பிகளுமே இல்லாத கட்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே ஆண் ஹார்மோன் கட்டியை வளர்க்கிறது! அதைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்துச் சோதனைகள் நடந்துள்ளன. சில நோயாளிகளுக்கு ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே, ஒருவருக்குக் குணம் தந்த மாத்திரை இன்னொருவருக்கும் குணம் தரும் என்று நினைக்கக் கூடாது. பக்கத்து வீட்டு அம்மாவின் மருந்துச் சீட்டு நம் வீட்டுக்கு உதவாது. பலம் வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஹார்மோன் மருந்துகளை வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து.

நோய் உறுதியானால், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 ஆகிய மூன்று சோதனைகளின் முடிவைக் கேட்டு வாங்குங்கள். சிகிச்சையை முடிவு செய்வது அந்தத் தாள்தான். ஆண் ஹார்மோன் ஏற்பிக்கான சோதனை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்யப்படுவதில்லை.

மும்பையில் சோதனை செய்துகொண்டு, துணைக்கு ஆள் இருக்கிறது என்று ஊருக்குப் போய்ச் சிகிச்சை பெறுவோர் நம்மில் உண்டு. அப்படிப் போகும்போது ரிப்போர்ட்டுகளை மட்டுமல்ல, கட்டியின் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் 'பிளாக்'கையும் ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். அது கையில் இருந்தால், சோதனைக்காக மறுபடியும் சதை எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது.

கடைசியாக ஒன்று. இந்தக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலி இல்லையே என்று வீட்டுப் பெண்கள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். கட்டி தட்டுப்பட்டால், வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டாவது டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.