ஓடத்துறையில் ஓடம் ஓடிய காலம்

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும் முன் வரும் பகுதிக்கு ஓடத்துறை என்று பெயர். பெயர்க்காரணம் கேட்டால் பலருக்குத் தெரியாது.

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, ஊருக்கு வடக்கே ஓடுகிறது. பெருமாளைச் சேவிக்கத் திருச்சியிலிருந்து போகிறவர் காவிரியைக் கடக்க வேண்டும். சமயபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர் கொள்ளிடத்தைக் கடக்க வேண்டும். பாலம் இல்லாத காலத்தில், சித்திரையில் மணலில் நடந்துவிடலாம், கால் சுடும், அவ்வளவுதான். ஆடியில் தண்ணீர் வந்துவிட்டால் ஓடமோ பரிசலோதான் கதி.

திருமங்கையாழ்வார் ஸ்ரீரங்கம் கோயில் மதில் கட்டியபோது, கூலி கேட்ட ஆட்களை ஓடத்தில் ஏற்றிக் கொள்ளிடத்தில் மூழ்கடித்தார் என்றொரு பொல்லாத கதை குருபரம்பரையில் உண்டு. அதனால்தான் அது 'கொல்லிடம்' என்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. மிஞ்சிய வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்பதே ஆற்றின் குணத்துக்குப் பொருந்துகிறது.

பரிசல் என்பது மூங்கில் பிளாச்சால் முடைந்த பெரிய வட்டக் கூடை. முன்பு அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் ஷீட். அடி தட்டை என்பதால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும், பாறையில் உரசினால் வளைந்துகொடுக்கும். துடுப்பை ஒரே பக்கம் போட்டால் மட்டும் பம்பரமாகச் சுற்றும். ஓட்டம் கீழே இழுப்பதால், இறங்கும் இடத்துக்கு மேலே தள்ளிப் புறப்பட்டுச் சாய்வாகக் கடப்பார்கள். பிறகு பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோரம் மேலே நடப்பார்கள். தூரத்துக்கு ஆமை எழுந்து நடப்பதுபோல் தெரியும்.

நடு ஆற்றில்தான் பயம் என்று நினைப்போம். கரை நெருங்கியதும் எல்லோரும் எழுந்து ஒரே ஓரத்துக்கு வருவார்களே, அதுவும் அதே அளவு ஆபத்து. 2018 செப்டம்பரில் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில், தான்சானியாவின் 'நியரேரே' படகு கவிழ்ந்ததும் கரைக்கு அருகில்தான். ஏற்ற வேண்டியது 101 பேரை; இறந்தவர்களே 200-க்கு மேல்.

திருச்சிக்கு ஆங்கிலேயர் காலத்திலேயே பாலம் வந்துவிட்டது. இப்போதுள்ளது 1976-இல் திறந்தது. ஓடத்துறையில் ஓடத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் ஒகேனக்கல்லில் பரிசல் இன்னும் ஓடுகிறது. அங்கே ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். கரை தட்டினாலும் பரிசல்காரர் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.