வணிகப் புத்தாக்க இளநிலைப் பட்டம்

வணிகப் புத்தாக்க இளநிலைப் பட்டம் என்பது, புதிய பொருளையோ சேவையையோ செய்முறையையோ உருவாக்கி அதைச் சந்தையில் நிலைபெறச் செய்யும் திறனைப் பயிற்றுவிக்கும் பட்டப்படிப்பு ஆகும். வழக்கமான வணிக மேலாண்மைப் பட்டம், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை நடத்தக் கற்றுத்தருகிறது. இப்படிப்போ இன்னும் பிறக்காத நிறுவனத்தைப் பற்றியது. பல்கலைக்கழகத்திற்குப் பல்கலைக்கழகம் இதன் பெயரும் பாடத்திட்டமும் மாறுகின்றன. ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொன்ட்ராகோன் பல்கலைக்கழகம் 2009-இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டம், இவ்வகையில் துணிச்சலான ஒன்று. தலைமைத்துவம், தொழில்முனைவு, புத்தாக்கம் ஆகிய மூன்றையும் பெயரில் கொண்ட இப்படிப்பில் மாணவர்கள் முதலாண்டிலேயே உண்மையான நிறுவனம் ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள்.

புத்தாக்கம் என்பதன் பொருள்

கண்டுபிடிப்பும் புத்தாக்கமும் ஒன்றல்ல. ஆய்வகத்தில் ஒன்று முதன்முதலாக உருவாவது கண்டுபிடிப்பு. அது விலைபோகும் பொருளாகவோ நடைமுறையாகவோ மாறுவது புத்தாக்கம். பொருளியலாளர் யோசஃப் சும்பீட்டர் 1911-இல் வெளியான தம் நூலில் இதைப் 'புதிய சேர்க்கை' என்ற கருத்தால் விளக்கினார். புதிய பொருள் மட்டுமன்றி, புதிய உற்பத்தி முறை, புதிய சந்தை, மூலப்பொருளுக்குப் புதிய இடம், தொழிலைப் புதிய விதமாக ஒழுங்கமைத்தல் ஆகியவையும் அவர் கணக்கில் அடங்கும்.

சரக்குப் பெட்டகம் இதற்குத் தெளிவான சான்று. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் சென்றது. இரும்புப் பெட்டியோ கப்பலோ பாரந்தூக்கியோ எதுவும் புதிதல்ல. லாரி முதலாளியான மால்கம் மெக்லீன் அவற்றை ஒன்று சேர்த்த விதமே புதிது. துறைமுகத் தொழிலின் முகமே அதன்பின் மாறிப்போயிற்று. புத்தாக்கம் என்றவுடன் கைபேசிச் செயலியை மட்டும் நினைக்கும் மாணவர், சும்பீட்டர் சொன்ன ஐந்தில் ஒன்றோடு நின்றுவிடுகிறார். பாடத்திட்டங்கள் சிலவும் அப்படித்தான் நின்றுவிடுகின்றன.

பின்னணி

மொன்ட்ராகோனில் இப்படிப்பு வேரூன்றியது தற்செயல் அல்ல. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய வறுமைக் காலத்தில், 1941-இல் அவ்வூருக்கு வந்த ஹோசே மரியா அரிஸ்மெந்தியாரியெத்தா என்ற பாதிரியார், 1943-இல் ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். அவரிடம் பயின்ற ஐவர் 1956-இல் 'உல்கோர்' என்ற தொழிற்கூடத்தை நிறுவினர். ஐவர் பெயர்களின் முதலெழுத்துகளே நிறுவனத்தின் பெயராயின. அடுப்பு தயாரிப்பில் தொடங்கிய அது, தொழிலாளரே உரிமையாளராக இருக்கும் பெரும் கூட்டுறவுக் குழுமமாக வளர்ந்தது. 1966-இல் அங்கே 'அலெகோப்' என்ற மாணவர் கூட்டுறவும் உருவானது. அரைநாள் படிப்பு, அரைநாள் வேலை என்பது அதன் முறை. வேலை செய்துகொண்டே கற்பது அவ்வூருக்குப் பழகிய வழக்கம் என்பதை இது காட்டுகிறது. பல்கலைக்கழகம் 1997-இல்தான் அமைந்தது. அதுவும் ஒரு கூட்டுறவே.

கற்பிக்கும் முறை மட்டும் பின்லாந்திலிருந்து வந்தது. யுவாஸ்குலா நகரில் சந்தைப்படுத்தல் ஆசிரியராக இருந்த யொஹானெஸ் பார்த்தானென், 1993-இல் 'குழுக் கல்விக்கழகம்' என்ற பொருள்படும் 'தீமியாகாதேமியா'வைத் தொடங்கினார். உலகைச் சுற்றிவந்து, கூடவே கொஞ்சம் சந்தைப்படுத்தலும் கற்க விருப்பமா என்று அவர் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்தே முதல் மாணவர்கள் சேர்ந்தனர். பயணச் செலவுக்கான பணத்தை அவர்களே தொழில் செய்து ஈட்ட வேண்டும் என்பதே அதன் சூட்சுமம்.

படிக்கும் முறை

நான்காண்டுக்கு 240 ஐரோப்பியப் புள்ளிகள். ஒரு புள்ளி என்பது மாணவரின் 25 முதல் 30 மணிநேர உழைப்பு. ஆகவே மொத்தம் 6,000 மணிநேரத்திற்குக் குறையாது. இந்த நேரத்தின் பெரும்பகுதி விரிவுரை கேட்பதில் கழிவதில்லை. பதினைந்து முதல் இருபது பேர் வரை ஒரு குழுவாகச் சேர்ந்து, பெரும்பாலும் கூட்டுறவு வடிவில் நிறுவனம் அமைக்கின்றனர். வாடிக்கையாளரைத் தேடுவது, விலை பேசுவது, பட்டியல் அனுப்புவது, வரி கட்டுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆசிரியரின் இடத்தில் 'குழுப் பயிற்றுநர்' இருக்கிறார். அவர் விடை சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். குழு தவறான முடிவை நோக்கிப் போகிறது என்று தெரிந்தாலும் பல வேளைகளில் வாய் திறக்காமல் இருப்பதே அவர் வேலை. மாணவர்க்கு மட்டுமல்ல, பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்க்கும் இது எளிதன்று.

வாரந்தோறும் குழு வட்டமாக அமர்ந்து சில மணிநேரம் உரையாடுகிறது. ஒவ்வொரு மாணவரும் தமக்கென ஒரு கற்றல் ஒப்பந்தம் எழுதுகிறார். இதுவரை எங்கே இருந்தேன், இப்போது எங்கே நிற்கிறேன், எங்கே போக வேண்டும், எப்படிப் போவேன், போய்ச் சேர்ந்ததை எதனால் அறிவேன் என்ற ஐந்து கேள்விகளே அதன் சட்டகம். நூல்களும் உண்டு. நூலின் கனத்திற்கேற்பப் புள்ளிகள் வழங்கப்படுகின்றன. படித்ததைச் சுருக்கி எழுதினால் போதாது, தம் தொழிலில் அதை எப்படிப் பயன்படுத்துவார் என்று எழுத வேண்டும். வாடிக்கையாளரைச் சந்திக்கும் முன்பும் பின்பும் நிரப்ப வேண்டிய குறிப்பு ஒன்றும் இம்முறையில் உண்டு. எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை, என்ன கற்றோம், அடுத்த முறை என்ன செய்வோம் என்பவை அதன் கேள்விகள். பார்வைக்குச் சாதாரணமான இத்தாள், தேர்வுத்தாளைவிடக் கடுமையானது. பொருளை வாங்க மறுத்தவரின் காரணத்தை அதில் எழுதியாக வேண்டுமே.

அயல்நாட்டுப் பயணங்களும் படிப்பின் பகுதி. மொன்ட்ராகோன் மாணவர்கள் பின்லாந்து, அமெரிக்கா, சீனா, இந்தியா முதலிய நாடுகளுக்குச் சென்று தொழில் செய்து பார்த்திருக்கின்றனர்.

தோல்வியின் இடம்

மாணவர் நிறுவனங்கள் பல, பட்டம் பெறும் நாளோடு மூடப்படுகின்றன. இதைப் படிப்பின் தோல்வியாகக் கருதுவது சரியன்று. எனினும் தோல்வியும் ஒரு பாடமே என்று எளிதாகச் சொல்லிவிடும் வழக்கத்தை அவ்வூரில் யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள். உல்கோரின் வழிவந்த வீட்டுச் சாதன நிறுவனமான 'ஃபாகோர்' 2013-இல் நொடித்தது. 2008-க்குப் பிறகு ஸ்பெயினில் வீடு கட்டுவது சரிந்தது, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றை வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது, மலிவான ஆசியப் பொருள்கள் சந்தையைப் பிடித்தன. குழுமம் மேலும் பணம் போட மறுத்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த நிறுவனம் அது. உறுப்பினர் பலர் வேறு கூட்டுறவுகளில் இடம் பெற்றனர். ஆனால் அவர்கள் போட்டிருந்த சேமிப்பு போனது போனதுதான். தொழிலை ஒழுங்கமைப்பதில் உலகமே வியந்த புத்தாக்கம், பொருளிலும் விலையிலும் பின்தங்கியபோது நிறுவனத்தைக் காப்பாற்றவில்லை.

சேர விரும்புவோர் கவனிக்க வேண்டியவை

பட்டத்தின் சட்டநிலையை முதலில் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் அரசு ஏற்பு பெற்ற பட்டமும், பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் வழங்கும் பட்டமும் தனித்தனி. மொன்ட்ராகோன் பட்டம் முதல் வகை. அயல்நாட்டில் மேற்படிப்புக்கோ அரசு வேலைக்கோ போகிறவர்க்கு இவ்வேறுபாடு பெரிது.

இரண்டாவது, கடன். மாணவர் நிறுவனம் இழப்பில் முடிந்தால் யார் பொறுப்பு, ஒவ்வொருவரின் பொறுப்பு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பதினெட்டு வயதில் கையெழுத்திடும் தாள் என்பதால் வீட்டாரும் படித்துப் பார்ப்பது நல்லது. நிறுவனத்தின் வருவாய் வெளி வாடிக்கையாளரிடமிருந்து வருகிறதா, உறவினரும் கல்லூரியுமே வாங்குகிறார்களா என்பதையும் மூத்த மாணவர்களிடம் கேட்கலாம். பெயரளவு நிறுவனங்களை இக்கேள்வி எளிதில் அடையாளம் காட்டிவிடும்.

கணக்கியல், சட்டம், பொறியியல் போன்ற துறைகளில் கிடைக்கும் ஆழம் இப்படிப்பில் கிடைக்காது. தணிக்கையாளராக விரும்புவோர்க்கு இது ஏற்ற வழியன்று. தனித்திருந்து படிப்பதில் சிறந்தவர்க்கும் இது கடினமாக இருக்கும். இருபது பேர் சம உரிமையோடு அமர்ந்து ஒரு முடிவுக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும். உழைப்பவரும் ஒதுங்கி நிற்பவரும் ஒரே பங்கு பெறலாமா என்ற சண்டை எந்தக் குழுவிலும் எழக்கூடியது. அதைத் தீர்க்கும் விதி பல்கலைக்கழகத்தின் கையேட்டில் இல்லை. குழுவே உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டும்.